ரெஜிஸ்ட்ரியை எழுதித் திருத்துவது: ஒரு சிறு கோப்பு கணினிக்குள் என்ன செய்கிறது

திருநெல்வேலிச் சந்திப்பின் டி.டி.பி. கடைகளிலும், பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் கணினி ஆய்வகங்களிலும், அம்பாசமுத்திரம், நாங்குநேரி போன்ற ஊர்களின் இ-சேவை மையங்களிலும் இருக்கிற கணினிகளைப் பெரும்பாலும் ஒரே ஆள்தான் பார்த்துக்கொள்கிறார். ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏற்றுவது, பிரிண்டரை இணைப்பது, தமிழ் எழுத்துருக்களைச் சேர்ப்பது, வைரஸ் வந்தால் நீக்குவது எல்லாம் அவர் தலையில்தான் விழுகின்றன. அப்படிப்பட்டவரின் பென் டிரைவில், விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் சேமித்துவைக்கும் இடமான ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் சில சிறு கோப்புகள் எப்போதும் இருக்கும். அவற்றில் சில முன்பு அந்த வேலையில் இருந்தவர் விட்டுச் சென்றவையாகவும், சில யூடியூப் காணொளிக்குக் கீழே கிடைத்தவையாகவும், சில வாட்ஸாப் குழுவில் வந்தவையாகவும் இருக்கும். புதுக் கணினி வந்ததும் அவற்றை ஒவ்வொன்றாக டபுள் கிளிக் செய்து, வருகிற எச்சரிக்கைக்கு 'ஆம்' கொடுத்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கோப்பைத் திறந்து படிப்பவர் குறைவு. ஆனால் அது பூட்டிவைத்த நிரல் அன்று. நோட்பேடில் திறந்தால் யாரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு. அதைப் படிக்கவும், பிறகு எழுதவும் கற்றுக்கொண்டால், கையால் ரெஜிஸ்ட்ரியில் போய்த் திருத்துவதைவிடக் கோப்பாக எழுதித் திருத்துவதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: திருத்தும் கோப்பை எழுதும்போதே அதைத் திரும்பப் பெறும் கோப்பையும் எழுதிவிட வேண்டும். அது ஏன் என்பது போகப் போகத் தெளிவாகும்.

ரெஜிஸ்ட்ரி வருவதற்கு முன் விண்டோஸும் அதில் ஓடிய மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை 'ஐ.என்.ஐ.' என்னும் சிறு எழுத்துக் கோப்புகளில் வைத்திருந்தன. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒன்றை வைத்துக்கொண்டதோடு, வின்.ஐ.என்.ஐ., சிஸ்டம்.ஐ.என்.ஐ. என்ற பொதுக் கோப்புகளிலும் தன் பங்குக்குச் சில வரிகளைச் சேர்த்துவிட்டுப் போகும். எந்த வரி யாருடையது என்று தெரியாது. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால் ஒவ்வொருவருக்கும் தனி அமைப்பு வைக்கவும் வழியில்லை. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ரெஜிஸ்ட்ரி முதன்முதலாக, மிகச் சிறிய வேலைக்காகத் தோன்றியது: எந்த வகைக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பது போன்ற விவரங்களை வைப்பதற்கு. 1993-இல் விண்டோஸ் என்.டி.யிலும் 1995-இல் விண்டோஸ் 95-இலும் அது கணினியின் எல்லா அமைப்புகளுக்கும் பொதுவான கிடங்காக வளர்ந்தது. இன்றைய விண்டோஸ் 11-இலும் அதே கட்டமைப்புதான் இருக்கிறது. எனவே இதைக் கற்றுக்கொள்ளச் செலவழிக்கும் நேரம் அடுத்த பதிப்பு வந்ததும் வீணாகிவிடுவதில்லை.

ரெஜிஸ்ட்ரி ஒரு மரம் போல் கிளைவிட்டுச் செல்கிறது. மேல் மட்டத்தில் ஐந்து தலைப்புகள் தெரியும். அவற்றுள் நமக்கு அன்றாடம் வேலை இருப்பவை இரண்டு: கணினி முழுவதற்கும் பொதுவான 'ஹெச்கீ லோக்கல் மெஷின்', அப்போது உள்ளே நுழைந்திருக்கும் பயனருக்கு மட்டும் உரிய 'ஹெச்கீ கரன்ட் யூசர்'. அவற்றின் கீழே கீ, அதற்குள் துணைக் கீ என்று அடுக்கடுக்காகப் போய், கடைசியில் மதிப்புகள் இருக்கும். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பெயர், ஒரு வகை, ஒரு தரவு என மூன்று கூறுகள் உண்டு. நிலத்தை மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று சொல்வதைப் போல இதையும் முழு முகவரியோடுதான் சொல்ல வேண்டும். கல்லிடைக்குறிச்சியிலும் ஒரு 112-ஆம் புல எண் இருக்கலாம், களக்காட்டிலும் இருக்கலாம்; கிராமத்தின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் யாருடைய நிலத்தில் கை வைக்கிறோம் என்பது தெரியாது. ரெஜிஸ்ட்ரியிலும் இப்படித்தான். 'ஸ்டார்ட்' என்ற பெயருடைய மதிப்பு, விண்டோஸில் பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சேவைக்கும், கருவிகளை இயக்கும் நிரலான ஒவ்வொரு டிரைவருக்கும் கீழே தனித்தனியாக இருக்கிறது. அதில் 0, 1 இருந்தால் கணினி தொடங்கும் கட்டத்திலேயே ஏறும்; 2 தானாகத் தொடங்கும்; 3 தேவைப்படும்போது தொடங்கும்; 4 முடக்கம். பென் டிரைவ் டிரைவரின் கீழ் 4 என்று எழுதினால் பென் டிரைவ் வேலை செய்யாது. அதே வரியை வன்தட்டின் டிரைவருக்குக் கீழே எழுதினால் கணினி மறுமுறை தொடங்கும்போது நீலத்திரையில் நின்றுவிடக் கூடும். இரண்டுக்கும் வேறுபாடு முகவரியில் மட்டுமே.

திரையில் ஒரே மரமாகத் தெரியும் இது வன்தட்டில் ஒரே கோப்பாக இல்லை. கணினிக்குப் பொதுவான பகுதிகள் சிஸ்டம்32-க்குள் உள்ள கான்ஃபிக் ஃபோல்டரில் சாம், செக்யூரிட்டி, சாஃப்ட்வேர், சிஸ்டம், டிஃபால்ட் என்ற பெயர்களில் இருக்கின்றன. ஒவ்வொரு பயனரின் பகுதியும் அவரவர் ஃபோல்டரில் என்.டி.யூசர்.டாட் என்ற கோப்பில் இருக்கிறது. இவற்றை 'ஹைவ்' என்று அழைக்கிறார்கள். பயனர் உள்ளே நுழையும்போது அவருடைய ஹைவ் ஏற்றப்பட்டு, 'கரன்ட் யூசர்' என்ற பெயரில் அவருக்குக் காட்டப்படுகிறது, வெளியேறினால் இறக்கப்படுகிறது. இந்த ஒரு விவரத்தைத் தெரிந்துகொள்ளாததால்தான் பல ஆய்வகங்களில் 'நேற்று மாற்றினோம், இன்று காணவில்லை' என்ற குழப்பம் வருகிறது. அதைப் பின்னர் விளக்குகிறேன்.

இப்போது கோப்பையே பார்க்கலாம். பெயர் '.reg' என்று முடிவதால் இதை ரெக் கோப்பு என்பார்கள். அதன் முதல் வரி 'விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் வெர்ஷன் 5.00' என்பது. விண்டோஸ் 2000 முதல் இன்றுவரை அந்த வரி மாறவில்லை. விண்டோஸ் 98, என்.டி. 4.0 காலத்துக் கோப்புகளில் அதற்குப் பதிலாக 'ரெஜெடிட்4' என்றிருக்கும். இந்த முதல் வரியில் ஓர் எழுத்து பிசகினாலும் கோப்பு ஏற்கப்படாது. அடுத்து ஒரு வெற்று வரி. அதன்பின் சதுர அடைப்புக்குள் கீயின் முழு முகவரி; அதற்குக் கீழே, ஒரு வரிக்கு ஒன்றாக மதிப்புகள். மதிப்பின் பெயர் இரட்டை மேற்கோளுக்குள் வரும், பிறகு சமக்குறி, பிறகு தரவு. தரவு எழுத்துச் சரமாக இருந்தால் அதுவும் மேற்கோளுக்குள் இருக்கும். எண்ணாக இருந்தால் 'டிவேர்டு' என்று எழுதி முக்காற்புள்ளி இட்டு எட்டு இலக்கங்கள் இருக்கும். பெயரில்லாத இயல்பு மதிப்புக்கு மேற்கோளுக்குப் பதில் 'அட்' குறி. அரைப்புள்ளியில் தொடங்கும் வரி குறிப்பு. கணினி அதைக் கண்டுகொள்ளாது.

அழிக்கும் குறியைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது, வேறெதையும்விட அவசியம். சமக்குறிக்குப் பின் வெறும் கழித்தல் குறி இருந்தால் அந்த மதிப்பு நீக்கப்படும். சதுர அடைப்பின் உள்ளே, முகவரிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் அந்தக் கீயும் அதற்குக் கீழே உள்ள அத்தனை கிளைகளும் போய்விடும். முந்நூறு வரிக் கோப்பில் அந்த ஒரு சிறு கோடு கண்ணுக்குத் தப்பிவிடும். வேறொருவர் தந்த கோப்பு கையில் கிடைத்தால் முதலில் நோட்பேடில் திறந்து, கழித்தல் குறியோடு தொடங்கும் சதுர அடைப்புகளைத் தேடிப் பார்த்துவிட வேண்டும். அடுத்ததாக 'ரன்' என்று முடியும் முகவரிகளைப் பார்க்க வேண்டும். கணினி தொடங்கிப் பயனர் நுழைந்தவுடன் தானாக ஓட வேண்டிய நிரல்களின் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன, தீய நிரல்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ள நாடும் இடங்களில் அதுவும் ஒன்று. 'கணினியை வேகமாக்கும்' என்று சொல்லி வருகிற கோப்பில் 'ரன்' முகவரியில் புதிதாக ஒரு நிரல் எழுதப்படுகிறது என்றால் அதை இயக்க எந்தக் காரணமும் இல்லை. ரெஜிஸ்ட்ரியைச் 'சுத்தம்' செய்து வேகம் கூட்டுவதாகச் சொல்லும் மென்பொருள்களையும் இதே வரிசையில் வைக்கிறேன். அத்தகைய மென்பொருள்களின் பயன்பாட்டைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது.

எழுதும்போது வரும் தடுமாற்றங்களில் இரண்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, ரெக் கோப்பில் டிவேர்டுக்குப் பின் வரும் இலக்கங்கள் பதினாறடிமான எண்கள். 00000010 என்று எழுதினால் அது பத்து அன்று, பதினாறு. 600 விநாடி என்று வைக்க விரும்பினால் 00000258 என்று எழுத வேண்டும். ஆனால் கட்டளை வரியில் 'ரெக் ஆட்' கட்டளையைக் கொடுக்கும்போது அதே 10 பத்தாகவே கொள்ளப்படும். பதினாறடிமானம் வேண்டுமானால் முன்னால் சுழியமும் எக்ஸ் எழுத்தும் சேர்க்க வேண்டும். ஒரு முறையில் எழுதியதை மறுமுறைக்கு அப்படியே எடுத்துப் போட்டால் எந்தப் பிழைச்செய்தியும் வராமல் தவறான எண் உட்கார்ந்துவிடும். இரண்டாவது, வகைகளில் வரும் குழப்பம். ஸ்கிரீன் சேவர் எத்தனை விநாடியில் தொடங்க வேண்டும் என்பது எண்தானே என்று டிவேர்டாக எழுதத் தோன்றும். ஆனால் விண்டோஸ் அதை எழுத்துச் சரமாகத்தான் வைத்திருக்கிறது. ஆகவே எந்த மதிப்பையும் எழுதுவதற்கு முன், சரியாக இயங்கும் ஒரு கணினியில், விண்டோஸோடு வரும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, அந்த மதிப்பு உள்ள கீயைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, அது எந்த வகையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதுதான் சிறந்த வழி. கோப்புப் பாதைகளை எழுதும்போது மேற்கோளுக்குள் வரும் ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரண்டிரண்டாக எழுத வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; சதுர அடைப்புக்குள் வரும் முகவரியில் ஒன்று போதும்.

திரும்பப் பெறும் கோப்பைப் பற்றி முதலில் சொன்னேன். அதற்குக் காரணம், ரெக் கோப்பை இறக்குமதி செய்வது இணைப்பதே அன்றி மாற்றிவைப்பதன்று. கோப்பில் இருக்கும் மதிப்பு ரெஜிஸ்ட்ரியில் இல்லையென்றால் புதிதாகச் சேரும். இருந்தால் அதன் மேல் எழுதப்படும். கோப்பில் இல்லாதது ரெஜிஸ்ட்ரியில் இருந்தால் அது அப்படியே கிடக்கும். பலர் திருத்துவதற்கு முன் அந்தக் கீயை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்கிறார்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் திருத்தத்தில் புதிய மதிப்புகளைச் சேர்த்திருந்தால், பழைய ஏற்றுமதியை மறுபடி ஏற்றினால் அந்தப் புதிய மதிப்புகள் போகா. பழைய கோப்பு அவற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே! 'பேக்கப் போட்டும் சரியாகவில்லை' என்று சொல்பவர்களின் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஆகவே, சேர்த்த ஒவ்வொரு மதிப்புக்கும் கழித்தல் குறியோடு ஒரு வரியும், மாற்றிய ஒவ்வொரு மதிப்புக்கும் அதன் பழைய தரவோடு ஒரு வரியும் கொண்ட எதிர்க்கோப்பை அப்போதே எழுதி, இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைக்க வேண்டும்.

பென் டிரைவைத் தடுக்கும் கோப்பை எடுத்துக்கொள்வோம். ஆய்வகங்களில் இதுதான் அதிகம் கேட்கப்படுகிறது. முகவரி: ஹெச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், யு.எஸ்.பி.ஸ்டோர். மதிப்பின் பெயர் ஸ்டார்ட். தரவு டிவேர்டு 00000004. எதிர்க்கோப்பில் அதே முகவரி, அதே பெயர், தரவு மட்டும் 00000003. இந்த எதிர்க்கோப்பில் கழித்தல் குறி போடக் கூடாது, ஏனெனில் நாம் சேர்த்தது எதுவுமில்லை. ஏற்கெனவே இருந்ததை மாற்றியிருக்கிறோம். ஸ்டார்ட் மதிப்பை நீக்கிவிட்டால் டிரைவர் எப்படித் தொடங்க வேண்டும் என்ற தகவலே இல்லாமல் போய்விடும். மேலும் இந்த ஒரு வரி எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பென் டிரைவும் அதே டிரைவரில் ஓடும் வெளி வன்தட்டுகளும் வேலை செய்யா; யு.எஸ்.பி. கீபோர்டும் மவுஸும் வேறு டிரைவரில் ஓடுவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் செல்போனை 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' முறையில் இணைத்தால் அதுவும் வேறு வழி; அதன் மூலம் கோப்புகள் வரும், போகும். இந்த அமைப்பை வைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகு, 'அண்ணாச்சி, பென் டிரைவ சொருகுனா ஒண்ணுமே வரமாட்டேங்கு' என்று வாடிக்கையாளர் சொல்ல, போர்ட் பழுதென்று எண்ணி மதர்போர்டைக் கழற்றுவது வரை போகிற கடைகள் உண்டு. கோப்பின் தலையில் அரைப்புள்ளி இட்டு, எதற்காக, எந்தத் தேதியில், யார் சொல்லி எழுதியது என்று நான்கு வரிகள் எழுதி, அதைக் கடையிலேயே ஓரிடத்தில் வைத்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

தமிழில் எழுதுவோர் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று கோப்பின் குறியாக்கம், அதாவது எழுத்துகளை எந்த எண்முறையில் சேமிப்பது என்பது. கணினியில் நுழைவதற்கு முன் ஓர் அறிவிப்பைக் காட்ட விண்டோஸில் வசதி இருக்கிறது. லோக்கல் மெஷினின் கீழ், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட் வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம் என்ற முகவரியில் 'லீகல் நோட்டீஸ் கேப்ஷன்', 'லீகல் நோட்டீஸ் டெக்ஸ்ட்' என்ற இரண்டு மதிப்புகளில் தலைப்பையும் செய்தியையும் எழுதினால் போதும். 'வெளியிலிருந்து கொண்டுவரும் பென் டிரைவைப் பொறுப்பாளரிடம் காட்டிய பிறகே செருகவும்' என்று தமிழிலேயே வைக்கலாம். மாணவர்களுக்கு அதுவே நன்றாகப் புரியும். ஆனால் இதை நோட்பேடில் எழுதி வழக்கம்போல் சேமித்தால், திரையில் தமிழுக்குப் பதிலாகத் தலைக்கோடிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் புரியாத குறிகளும் வரும். காரணம் இதுதான். 2019-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-இலும் அதன் பின்னரும் நோட்பேட் கோப்புகளை யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்கிறது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரோ, யு.டி.எஃப்-16 அடையாளம் இல்லாத கோப்பைப் பழைய ஆன்சி முறையில் எழுதியது என்று எடுத்துக்கொள்கிறது. தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி குறியாக்கம் கிடையவே கிடையாது. விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்தபோதே யூனிகோடாகத்தான் வந்தது. ஆகவே பழைய ஆன்சியாகவே சேமித்தால் தமிழ் எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். சேமிக்கும் பெட்டியின் அடியில் உள்ள குறியாக்கப் பட்டியலில் 'யு.டி.எஃப்-16 எல்.இ.' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் தமிழ் தமிழாகவே வரும். பழைய நோட்பேடில் அதே தேர்வுக்கு 'யூனிகோடு' என்று பெயர். ரெஜிஸ்ட்ரி எடிட்டர் தானே ஏற்றுமதி செய்யும் கோப்புகளும் இந்த முறையில்தான் இருக்கின்றன. எனவே ஒரு கோப்பை ஏற்றுமதி செய்து, அதன் உள்ளடக்கத்தை நீக்கிவிட்டு, அதிலேயே நம்முடையதை எழுதுவதும் எளிய வழி. பவர்ஷெல் என்னும் விண்டோஸ் கட்டளைமொழியில் எழுதும் ஸ்கிரிப்டில் (கட்டளைக் கோப்பில்) தமிழ் இருந்தால் வேறு விதி: விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பு, தொடக்கக் குறியீடு இல்லாத யு.டி.எஃப்-8 கோப்பை ஆன்சி என்று படிப்பதால், அங்கே 'யு.டி.எஃப்-8 வித் பாம்' என்று சேமிக்க வேண்டும்.

ரெக் கோப்புக்கு அடுத்த படி, கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் பேட்ச் கோப்பு. ரெக் கோப்பால் 'இப்படி இருந்தால் மட்டும் மாற்று' என்று சொல்ல இயலாது. அது வெறும் பட்டியல். நிபந்தனை வேண்டும் என்றால் பேட்ச் கோப்பில் 'ரெக் குவெரி' கொடுத்துப் பார்த்து, பிறகு 'ரெக் ஆட்' அல்லது 'ரெக் டெலீட்' கொடுக்கலாம். கட்டளை வெற்றி பெற்றால் 0, தோற்றால் 1 என்று திருப்பித் தரும்; அதைச் சோதித்து, தோற்றால் நிறுத்திவிடலாம். இதனாலேயே 'ரெஜெடிட்' கட்டளையோடு எஸ் என்ற சுவிட்சைச் சேர்த்து ஓசையில்லாமல் ஏற்றும் வழக்கத்தைவிட 'ரெக் இம்போர்ட்' நல்லது. முன்னது, பாதி வரிகள் அனுமதி மறுப்பால் எழுதப்படாமல் போனாலும் ஒரு சொல்லும் சொல்லாது. பேட்ச் கோப்புக்குள் சதவீதக் குறி வந்தால் அதை இரட்டிப்பாக்க வேண்டும். இல்லையென்றால் 'சிஸ்டம் ரூட்' போன்ற மாறிகள் எழுதும்போதே விரிந்து, அந்தக் கணினியின் பாதையாக உறைந்துவிடும்.

இப்போது 'நேற்று மாற்றினோம், இன்று காணவில்லை' என்பதற்கு வருகிறேன். கோப்புகளின் பின்னொட்டு தெரியும்படி வைப்பது ஒரு கடைக்கு மிகவும் தேவையான அமைப்பு. வாடிக்கையாளரின் பென் டிரைவில் 'பில்.பி.டி.எஃப்.' என்று காட்சி தருவது உண்மையில் இ.எக்ஸ்.இ. ஆக இருந்தால் அப்போதுதான் தெரியும். இதற்கான 'ஹைட் ஃபைல் எக்ஸ்ட்' என்ற மதிப்பு கரன்ட் யூசரின் கீழ் இருக்கிறது. 0 என்று வைத்தால் பின்னொட்டு தெரியும். மாணவர் கணக்கில் நுழைந்து, பேட்ச் கோப்பை வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து, பொறுப்பாளர் தன் கணக்கின் பாஸ்வேர்டை இட்டு இயக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டளை வெற்றி என்றே வரும். ஆனால் அந்த நேரத்தில் 'கரன்ட் யூசர்' என்பது மாணவர் அல்லர், பொறுப்பாளர். மாற்றம் பொறுப்பாளரின் ஹைவில் போய் உட்கார்ந்துவிடும். மாணவர் கணக்கில் எதுவும் மாறாது. பயனருக்குரிய மாற்றத்தை அந்தப் பயனராகவே, உயர்த்தப்பட்ட அனுமதி இல்லாமல் இயக்க வேண்டும். கணினிக்குரிய மாற்றத்தை நிர்வாகியாக இயக்க வேண்டும். இரண்டையும் ஒரே கோப்பில் கலக்காமல் தனித்தனிக் கோப்புகளாக வைப்பதுதான் தெளிவு.

இனிமேல் உருவாகப் போகும் கணக்குகளுக்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்றால், யூசர்ஸ் ஃபோல்டரின் கீழ் மறைந்திருக்கும் 'டிஃபால்ட்' ஃபோல்டரின் என்.டி.யூசர்.டாட் கோப்பை 'ரெக் லோடு' கட்டளையால் ஹெச்கீ யூசர்ஸின் கீழ் ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றி, அதில் எழுதிவிட்டு, 'ரெக் அன்லோடு' கொடுத்து இறக்க வேண்டும். புதுக் கணக்கு ஒவ்வொன்றும் அந்தக் கோப்பின் நகலோடுதான் தொடங்குகிறது. ஆண்டுதோறும் புது மாணவர்களுக்குக் கணக்கு உருவாக்கும் கல்லூரி ஆய்வகத்துக்கு இது மிகவும் உதவும். இறக்க மறந்தால் கோப்பு பூட்டிக்கிடக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

32 பிட் மென்பொருள்களின் அமைப்புகள் 64 பிட் விண்டோஸில் சாஃப்ட்வேர் கீயின் கீழே 'வாவ்6432நோட்' என்ற தனிக் கிளைக்குத் திருப்பிவிடப்படுகின்றன. பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அல்லது கணக்கு மென்பொருளின் அமைப்பை எழுதியும் பலன் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ரி வழியாகவே செய்ய முயல்வதும் சரியன்று. பி.டி.எஃப். கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பதைப் பழைய ரெக் கோப்புகள் மாற்றிக் கொடுத்தன. விண்டோஸ் 8 முதல் பயனரின் தேர்வோடு ஒரு சரிபார்ப்புக் குறியீடும் சேர்ந்து பதிவாவதால், வெளியிலிருந்து எழுதிய தேர்வை விண்டோஸ் ஏற்பதில்லை. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்ப்பதும் இப்படித்தான். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அந்த விசைப்பலகை இன்று விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது; 'கீபோர்டு லேஅவுட்' கீயின் கீழ் எண்ணை எழுதிச் சேர்க்கும் பழைய கோப்புகளும் புழக்கத்தில் உள்ளன. ஆனால் பயனரின் மொழிப் பட்டியல் இப்போது வேறோர் இடத்திலும் வைக்கப்படுவதால் இரண்டும் ஒத்துப்போகாமல் குழம்பிவிடும். பவர்ஷெல்லில் 'செட்-வின்யூசர் லாங்குவேஜ் லிஸ்ட்' என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. அதைக் கொடுத்தால் தேவையான இடங்களில் எல்லாம் விண்டோஸே எழுதிக்கொள்ளும். இன்னொரு பக்கம், கடைகளில் வாங்கும் லேப்டாப்கள் பெரும்பாலும் ஹோம் பதிப்போடு வருகின்றன. அதில் குரூப் பாலிசி எடிட்டர் இல்லை. ப்ரோ பதிப்பில் அந்த எடிட்டரைத் திறந்து செய்யும் பல வேலைகளும் கடைசியில் ரெஜிஸ்ட்ரியில் சில வரிகளாகத்தான் பதிகின்றன. எனவே ஹோம் பதிப்பு வைத்திருக்கும் சிறு கடைக்காரருக்கு ஸ்கிரிப்டை விட்டால் வேறு வழி அதிகம் இல்லை.

காப்பு விஷயத்தில் பழைய நம்பிக்கை ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. விண்டோஸ் தானாகவே ரெஜிஸ்ட்ரியின் நகலை 'ரெக்பேக்' ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும், கெட்டுப்போனால் அங்கிருந்து எடுத்துப் போடலாம் என்று பலர் இன்னும் சொல்கிறார்கள். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அது இயல்பாக நடப்பதில்லை. ஃபோல்டரில் கோப்புகளின் பெயர்கள் இருந்தாலும் அளவு பூச்சியமாக இருக்கும். ஆகவே ஸ்கிரிப்ட் ஓட்டுவதற்கு முன், கணினியை அப்போதைய நிலைக்கே திருப்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றை நாமே உருவாக்கிக்கொள்வது அவசியமாகிவிட்டது. திடீரென மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியும் நம் ஊரில் நியாயமானதே. ஹைவ் கோப்பு பாதி எழுதிய நிலையில் கெட்டுவிடாதபடி, அதனோடு லாக் கோப்புகளையும் விண்டோஸ் வைத்திருக்கிறது. தனியொரு மதிப்பு பாதி எழுதிய நிலையில் நிற்காமல் அவை பார்த்துக்கொள்ளும். ஆனால் நாற்பது வரி ஸ்கிரிப்டில் இருபதாவது வரியில் மின்சாரம் போனால், சில வரிகள் மாறியும் மீதி மாறாமலும் நிற்கும். மொத்தமாகத் திரும்பிப் போகும் ஏற்பாடு ரெக் கோப்புக்கு இல்லை. இதற்குத் தீர்வு, எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விளைவு வரும்படி ஸ்கிரிப்டை எழுதுவது. 'இந்த மதிப்பு 4' என்று எழுதும் வரியை மறுபடி ஓட்டினாலும் 4-தான். 'இருப்பதோடு ஒன்று கூட்டு', 'இந்தப் பாதையைக் கடைசியில் சேர்' என்று எழுதினால் மறுமுறை ஓட்டும்போது இரண்டு தடவை சேர்ந்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு, சந்திப்புப் பகுதியிலும் தண்ணீர் புகுந்தது. கணினி நனைந்து போன கடைக்காரர் புதுக் கணினி வாங்கினாலும், பில் பிரிண்டரின் அமைப்பும், எழுத்துரு மாற்றீடும், பென் டிரைவ் கட்டுப்பாடும், பின்னொட்டைக் காட்டும் அமைப்பும் பழைய கணினியோடு போனவைதான். தரவுகளை கூகுள் டிரைவிலோ வேறொரு வன்தட்டிலோ வைத்திருப்பவர்கூட அமைப்புகளை நினைவில் மட்டுமே வைத்திருப்பார். குறிப்புகளோடு எழுதிய ஸ்கிரிப்ட் ஃபோல்டர் ஒன்று தரவுகளோடு சேர்ந்து வெளியே பத்திரமாக இருந்தால், புதுக் கணினியைப் பழைய கணினி போல் ஆக்க அரை மணி நேரம்கூட ஆகாது. நான் எழுதித் திருத்துவதை இவ்வளவு வலியுறுத்துவதற்கு வேகத்தைவிட இதுவே பெரிய காரணம்.

இத்தகைய ஃபோல்டரை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதில் வி.பி.எஸ். என்று முடியும் கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை விபிஸ்கிரிப்ட் என்னும் பழைய நிரல்மொழியில் எழுதியவை; ரெஜிஸ்ட்ரியைப் படிக்கவும் எழுதவும் அது நெடுங்காலம் பயன்பட்டு வந்தது. அந்த மொழியை விண்டோஸிலிருந்து விலக்கப் போவதாக 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. வேண்டுமென்றால் மட்டும் வைத்துக்கொள்ளும் கூடுதல் வசதியாக அது இப்போது மாறியிருக்கிறது, பின்னர் முழுமையாக நீக்கப்படும். அந்தக் கோப்புகளைப் பவர்ஷெல்லுக்கு மாற்றி எழுதுவது கடினமன்று. பவர்ஷெல்லில் லோக்கல் மெஷினும் கரன்ட் யூசரும் சி டிரைவ், டி டிரைவ் போலவே டிரைவ்களாகத் தெரிகின்றன. 'நியூ-ஐட்டம் பிராப்பர்ட்டி' என்ற கட்டளையில் முகவரி, பெயர், வகை, தரவு நான்கையும் வெளிப்படையாகக் கொடுக்கலாம். அதோடு 'வாட்-இஃப்' என்ற சுவிட்சைச் சேர்த்தால் எதையும் எழுதாமல், எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மட்டும் காட்டும். புதிதாக ஏற்றிய விண்டோஸில் ஸ்கிரிப்ட் கோப்புகளை ஓட்டும் அனுமதி இயல்பாக மூடியிருக்கும் என்பதால், முதலில் நிர்வாகியாகத் திறந்து 'எக்சிக்யூஷன் பாலிசி'யை 'ரிமோட் சைன்டு' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றி எழுதிய கோப்பை ஒரே ஒரு கணினியில் 'வாட்-இஃப்' கொடுத்துப் பார்த்து, பிறகு உண்மையாக ஓட்டி, 'ரெக் குவெரி'யால் மதிப்பைச் சரிபார்த்து, வெளியேறி மறுபடி நுழைந்து, எதிர்க்கோப்பையும் ஓட்டிப் பார்த்த பிறகு மற்றக் கணினிகளுக்குக் கொண்டுபோகலாம்.